சாக்கில் சுற்றிய மட்டைகள்

புளியங்கூடல், கார்த்திகை 1985, சனிக்கிழமை

பிள்ளையை நித்திரையாக்கி எழுத உட்காரப் பிந்திவிட்டது.

இவர் பதினாறு வருடமாகக் கல்லூரிப் பெடியளுக்கு ஹொக்கி பழக்குகிறார். மட்டைகளை எப்போதும் வெளியே தெரியும்படி சைக்கிளில் கட்டித்தான் கொண்டுபோவார். இன்று மழை என்று சாக்கில் சுற்றியிருக்கிறார். சுடுகிற துவக்கு என்று நினைத்து ஆமிக்காரரின் காவல் சென்றியில் மறித்து, பின்னேரம்வரை இருத்தி வைத்துவிட்டார்கள்.

"நனைஞ்சால் வளைஞ்சு போடுமெல்லே," என்றார் வந்ததும்.

"பிள்ளைக்குக் குடை பிடிக்க மறக்கிற மனுசன், மட்டைக்குச் சாக்குச் சுத்தினீங்களோ?"

சிரித்தார்.

பழக்குவதை விடச் சொல்லிக் கேட்டேன். "இந்தப் பள்ளித் தவணை முடியட்டும்," என்றார். போன தவணையும் இதையே சொன்னார்.

இந்தக் கொப்பியை மேசையில் திறந்தே வைக்கிறேன். நாளைக் காலமை நீங்கள் வாசித்தால், மைதானத்துக்குப் போக முன்னம் எனக்கொரு பதில் சொல்லுங்கோ.