அப்பா முளைக்கவைத்த கன்றுகள்

என் பெரியவனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தங்கையும் சுகம். நீயும் சுகம் என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள எனக்குக் கொடுத்துவைக்கவில்லை, அதனால் நானே அப்படி நினைத்துக்கொள்கிறேன். சின்னவளுக்கு இருமல் விட்டபாடில்லை, டாக்டரிடம் போடி என்றால் என்னோடு மல்லுக்கு நிற்கிறாள். கூரை ஒழுகின இடத்தை அடைத்தாயிற்று. அப்பாவின் டிரைவர் சட்டைகளை யாருக்காவது கொடுக்கலாம் என்று வெளியே எடுத்தேன், மனசு கேட்கவில்லை, திரும்பவும் பீரோவிலேயே வைத்துவிட்டேன்.

போனில் சொல்ல நா எழவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். அப்பா வளர்த்த மகோகனிக் கன்றுகள் பெரும்பாலும் பட்டுப்போய்விட்டன. ரிட்டயரான பிறகு பால் கவர்களில் மண் நிரப்பி விதை போட்டாரே, பஸ் ஓட்டின கைக்குச் செடி கொடியெல்லாம் அடங்குமா என்று நான் கேலி பண்ணினேனே, அதே கன்றுகள்தான். கவரில் இருந்தவரை தளதளவென்று நின்றன. அவர் போன பிறகு நானும் சின்னவளுமாக மேட்டு நிலத்தில் கொண்டுபோய் நட்டோம். அங்கே வைத்ததும் வளர்த்தி நின்றுவிட்டது, இலை சிறுத்து அடிப்பக்கம் ஊதா நிறம் ஓடியது. உன்னிடம் சொன்னேன், உடனே உர மூட்டை வந்தது. மறுபடி சொன்னேன், மறுபடி வந்தது. பிள்ளை அனுப்பினதாயிற்றே என்று நானும் அள்ளி அள்ளிப் போட்டேன், அவை வரவர மோசமாயின.

கடைசியில் சின்னவள் மண் பரிசோதனை நிலையத்திலிருந்து ஒரு பெண்ணை அழைத்துவந்தாள். உன் வயதுதான் இருக்கும். வாடின கன்று ஒன்றைப் பிடுங்கிக் காட்டினாள். வேர் குட்டை குட்டையாகத் தடித்து, நுனியெல்லாம் பழுப்பேறி, பக்கவேரே விடாமல் கிடந்தது. மண்ணில் அலுமினியம் என்றாள். பாத்திரம் கழுவின தண்ணீர்கூட அங்கே போகாதே என்று நான் கேட்டுவைத்தேன், அவள் சிரிக்கவில்லை, நல்ல பெண். எல்லா மண்ணிலும் அது உண்டாம், அதுபாட்டுக்குச் சும்மா கிடக்குமாம். மழை வருஷக்கணக்காகச் சுண்ணாம்புச் சத்தைக் கழுவிக்கொண்டுபோய், அமிலம் ஏறி மண் புளித்துவிட்டால், அது கரைந்து வேர்நுனியைச் சுட்டுவிடுமாம். அப்புறம் கால்சியம், பாஸ்பரஸ் எதையும் வேரால் எடுக்க முடியாதாம். வாய் வெந்தவனுக்கு விருந்து வைத்த கதைதான். நாம் போட்ட உரம் மண்ணை இன்னும் புளிக்க வைத்ததாம்.

இதைப் படித்துவிட்டு நீ உன்னையே நொந்துகொள்வாய், எனக்குத் தெரியாதா. அனுப்பினது நீ என்றாலும் போட்டது என் கை, இரண்டு பேருக்கும் தெரியாமல்தான் நடந்தது. ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அப்பா முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போன வேதனையைத்தான் நீ மூட்டை கட்டி அனுப்பினாய். அது தெரிந்துதான் போதும்டா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் போனதிலிருந்து நீ என்னிடம் ஒருமுறைகூட அழவில்லை. உரம் வந்ததா, போட்டாயா என்றுதான் கேட்கிறாய்.

மிச்சமிருக்கிற கன்றுகளுக்குச் சுண்ணாம்புத் தூள் போட்டிருக்கிறோம், பிழைத்தால் உண்டு. அப்பா போட்டதில் ஒன்று மட்டும் நடாமல் கவரிலேயே பின்வாசலில் நிற்கிறது. அதற்குக் குழி வெட்டி, மண்ணோடு சுண்ணாம்பைக் கலந்து வைத்தாயிற்று. புளிப்பு அடங்கச் சில மாதம் பிடிக்கும் என்று அந்தப் பெண் சொன்னாள். நீ லீவு கேட்கவும் அவ்வளவு நாள் ஆகும் அல்லவா. அதை நான் நடமாட்டேன், சின்னவளையும் தொட விடமாட்டேன். நீ வந்து நடு. நட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழு, நான் பக்கத்தில் இருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. நோய்நொடி அண்டாமல் நீ நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும். மறந்துவிடாதே, இனி மூட்டை வேண்டாம், நீ வந்தால் போதும்.

உன் வழி பார்த்திருக்கும்
அம்மா