தலைமடை நிலமும் ஆதியாகமமும்

அக்கா,

பீரோவைத் துடைக்கலாம் என்று இன்று காலை மேல்தட்டைத் திறந்தேன். காய்ந்த வேப்பிலை வாசம் வந்தது. பூச்சி அரிக்காமலிருக்க உங்கள் பைபிளுக்குள் நீங்கள் வைத்த இலைகள். தொட்டதும் பொடியாக உதிர்ந்தன. துணியை ஓரமாகப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் அந்த வீட்டுக்கு நான் சின்ன மருமகளாக வந்தபோது நீங்கள் மூத்த மருமகள். என் வீட்டுக்காரர் கல்யாணமான கையோடு துபாய்க்குப் போய்விட்டார். உங்கள் கணவர், என் பெரிய அத்தான், ஊரிலிருந்து பயிர் பார்த்தார். மத்தியானம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு நாம் இருவரும் கூடத்தில் பாய் விரித்து வேதம் வாசிப்போம். வருஷத்துக்கு ஒருமுறை முழு வேதத்தையும் முடிப்பது என் பிறந்த வீட்டில் ஒரு பெருமை. அந்தப் பழக்கத்தில் நான் கடகடவென்று போவேன். நீங்கள் வரியில் விரலை வைத்து நிறுத்துவீர்கள். "இரு இரு. பஸ்ஸா பிடிக்கப் போறோம்? இந்த இடத்துல நீ இருந்தா என்ன பண்ணியிருப்ப, சொல்லு." தம்பியின் காணிக்கையைக் கடவுள் ஏற்றபோது காயீனின் முகம் ஏன் வாடியது என்று பேசியே இரண்டு மத்தியானம் போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் துபாயிலிருந்து கேசட் வந்தது. என் வீட்டுக்காரர் தன் குரலைப் பதிந்து, லீவில் வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். டேப்ரெக்கார்டரைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தோம். ஒவ்வொருவரையும் பேர் சொல்லி விசாரித்துவிட்டுக் கடைசியில் சொன்னார்: "அண்ணே, அப்பாவும் போயிட்டாங்க. பங்கைப் பிரிச்சிடுவோம். பாலைவனத்துல காயிறவன் நான். தலைமடை நிலம் எனக்கு வேணும்."

அத்தான் எழுந்துவிட்டார். "இத்தனை வருஷமா சேத்துல கிடந்தவன் நான். எனக்குக் கடைமடையா?" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. ஆற்றில் தண்ணீர் விட்டதும் தலைமடை நனைந்துவிடும். வாய்க்காலின் கடைசியில் கிடக்கும் நிலத்துக்குத் தண்ணீர் வந்தால் உண்டு, வராவிட்டால் நாற்றங்காலே கருகும்.

மறுநாள் மத்தியானம் நான் கூடத்துக்கு வரவில்லை. உங்கள் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. நீங்கள்தான் கூப்பிட்டீர்கள். "சண்டை அவங்களுக்குள்ள. நேத்து விட்ட அதிகாரம் நிக்குது, வா."

அன்றைக்கு ஆதியாகமத்தில் ஆபிரகாமும் லோத்தும். மேய்ப்பர்களுக்குள் சண்டை வருகிறது. பெரியவரான ஆபிரகாம், உனக்கு எந்தப் பக்கம் வேண்டுமோ எடுத்துக்கொள் என்று தன் சகோதரன் மகனிடம் சொல்கிறார். லோத்து தண்ணீர் வளமுள்ள பக்கத்தை எடுத்துக்கொள்கிறான். எனக்குக் குஷி தாங்கவில்லை. "பாத்தீங்களாக்கா, மூத்தவர்தான் விட்டுக் கொடுத்தார்! இதை அத்தானுக்கு வாசிச்சுக் காட்டணும்."

நீங்கள் வரியில் வைத்திருந்த விரலை எடுத்தீர்கள். பிறகு, "காட்டலாம். லோத்து எடுத்த ஊரு எரிஞ்சு, கடைசியில அவன் எல்லாத்தையும் விட்டுட்டு ஓடினதை அவர் உன் வீட்டுக்காரருக்கு வாசிச்சுக் காட்டுவார். வேதத்தை ஆளுக்கொரு கல்லா எடுத்து எறிஞ்சுக்கலாம். வேணுமா?" என்றீர்கள். குரலைத் தாழ்த்தி, "இந்த அதிகாரம் எனக்கு என்ன சொல்லுதுன்னா, நானுந்தான் அந்த நிலத்தை மனசுல கட்டிப் பிடிச்சிருக்கேன்."

அன்று சாயங்காலம் அத்தானிடம் நீங்கள் வசனம் எதுவும் சொல்லவில்லை. "தம்பி வரட்டும். எது வேணும்னு அவரையே முதல்ல கேளுங்க. கடைமடையே வந்தாலும் நான் உங்க கூட இறங்கி நாத்து நடறேன்." அவ்வளவுதான். அத்தான் பல நாள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் துபாய்க்குப் போன் போட்டு என் வீட்டுக்காரரிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: "கேட்கிறதை அண்ணன் முகத்தைப் பார்த்துக் கேளுங்க. கேசட்ல கேக்காதீங்க."

கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தார். சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருந்தார். காப்பி குடித்து டம்ளரைக் கீழே வைப்பதற்குள் அத்தான் கேட்டுவிட்டார்: "தம்பி, நீ முதல்ல எடுத்துக்க. எது வேணும்?"

இவர் டம்ளரைக் கீழே வைத்தார். "போய்ப் பாத்துட்டு வரலாம்ணே" என்றார். இருவரும் சைக்கிளில் போனார்கள். நீங்கள் உலை வைக்க மறந்து வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தீர்கள். வெயில் ஏறித் திரும்பினார்கள், காலெல்லாம் சேறு. என் வீட்டுக்காரர் உங்களிடம்தான் சொன்னார்: "அண்ணி, ரெண்டு நிலத்தையும் குறுக்க வெட்டி ஆளுக்குப் பாதி எடுத்துக்கறோம். தண்ணி வந்தாலும் ரெண்டு பேருக்கும், வராட்டியும் ரெண்டு பேருக்கும்." அத்தான் பின்னாலிருந்து, "பசிக்குது, சோத்தைப் போடு" என்றார். அந்தக் குரலில் எத்தனையோ நாள் பாரம் இறங்கியிருந்தது. உலையே வைக்காத அடுப்பைப் பார்த்து நாம் இருவரும் சிரித்த சிரிப்பில் உங்களுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிள்ளைகள் படித்து வெளியூர் போனார்கள். உங்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. உங்கள் பெட்டியைக் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கியபோது முன்பக்கத்துக்கு அண்ணனும் தம்பியும் தோள் கொடுத்தார்கள். அந்த அழுகைக்கு நடுவிலும் எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது அக்கா. உங்கள் பைபிளை அத்தான் என் கையில் தந்தார்.

போன வாரம் பெங்களூரிலிருந்து என் மகள் போனில் அழுதாள். அவள் செய்த வேலையைக் கூட இருப்பவள் தன்னுடையதென்று காட்டிக்கொண்டாளாம். பொறுமையைப் பற்றிய வசனம் ஒன்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. "ம், அப்புறம்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு அவளே சொன்னாள்: "நாளைக்கு அவகிட்டயே நேரா பேசிப் பாக்கறேம்மா. இப்ப பரவாயில்ல."

போனை வைத்த பிறகு அந்த வசனத்தை எடுத்து, மெதுவாக, எனக்கு வாசித்துக்கொண்டேன்.