அப்பா பெயர் போட்ட போர்வை

அன்புள்ள அம்மாவுக்கு, லுவெல்லா எழுதுகிறேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சர்ச்சுக்கு நடந்து போகாதே, யார் காரிலாவது ஏறிக்கொள். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். ஆஸ்பத்திரி வேலையும் ஓமஹா குளிரும்தான் என்னை விடுவதாயில்லை.

ஒரு வேடிக்கை கேள். எங்கள் பேட்டையில் நம் கறுப்பினக் கலைஞர்களுக்காகக் கண்காட்சி வைத்திருக்கிறார்கள். ஓவியம், பாட்டு, ஆட்டம் எல்லாம் உண்டு. வீட்டில் அம்மாமார் செய்ததையும் தரலாம் என்றார்கள். நீ தைத்த ஒட்டுத்துணிப் போர்வையைக் கொடுத்தேன். போய்ப் பார்த்தால், பின்பக்கம் வெளியே தெரிய மாட்டியிருக்கிறார்கள்! அப்பாவின் வேலைச் சட்டைகளை நீ வெட்டித் தைத்த பக்கம். சட்டைப்பையின் மேல் அப்பா வேலை பார்த்த மில்காரர்கள் தைத்த அவர் பெயரைப் பார்த்து, 'கலைஞர்: ஆல்ஃபஸ்' என்று அட்டை வேறு!

நான் சிரித்த சிரிப்பில் பாடிக்கொண்டிருந்தவரே நிறுத்திவிட்டார்.

"ஏம்மா, நீ யார் வீட்டுப் பொண்ணு?" என்றார் கண்காட்சியை நடத்தும் வெர்னெட்டா அக்கா.

"அந்த ஆல்ஃபஸ் மகதான். எங்கப்பாவுக்கு ஊசியில நூல் கோக்கவே வராதுக்கா. தைச்சது எங்கம்மா ஒடெஸ்ஸா."

"அய்யய்யோ! திருப்பி மாட்டிரட்டுமா?"

"வேணாங்க்கா, பேரை மட்டும் மாத்துங்க. செத்த மனுஷன் கொஞ்ச நாள் நாலு பேரைப் பாக்கட்டும்."

இப்போது அட்டையில் உன் பெயர். ஆனால் கண்காட்சியை ஈஸ்டர் வரை நீட்டிவிட்டார்கள், போர்வையும் அதுவரை அங்கேதான். படுத்தால் புரள்கிறேன், எழுந்து நடக்கிறேன், மறுபடி படுக்கிறேன். அலமாரியில் அப்பா சட்டை ஒன்று மிச்சம் இருக்குமே, அதை அனுப்பேன்.

பஸ் நிறுத்தத்தில் நின்றுதான் இதை எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது. சட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, பை மட்டும் நன்றாக இருக்கவேண்டும். போர்வையில் அந்தப் பைக்குள் கையை விட்டுக்கொண்டுதான் இத்தனை நாளும் தூங்கினேன்.

உன் லுவெல்லா