ஜூனுக்குத் தள்ளிய நாட்கள்

அன்பான உங்களுக்கு,

அரிசோனாவில் வெயில் ஏறிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். இங்கே வெர்மான்ட்டில் ஏப்ரலிலும் பனி விழுகிறது. தூங்குகிறவர்மேல் யாரோ போர்வை விரிப்பதுபோல, சத்தமே இல்லாமல்.

இன்றும் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டேன். வட்டாரப் பள்ளிகளின் அதிகாரியாக, விடியுமுன் சாலையைப் பார்த்து முடிவெடுப்பது என் வேலைதானே. பஸ் ஓட்டும் ஆர்லோ போனில், "ரோடு நல்லாத்தானே இருக்கு மேடம்? போன வருஷம் இதைவிட மோசமான பனியில வண்டிய எடுக்கச் சொன்னீங்க" என்றார். பாலத்தில் வழுக்கும் என்றேன்.

விடுமுறை விட்ட நாட்களுக்கு ஈடாக, சட்டப்படி ஜூனில் பள்ளி நடத்தியாக வேண்டும். கடைசி நாள் தள்ளிக்கொண்டே போகிறது. பள்ளி முடிந்த மறுநாளே அங்கு வந்துவிடுவதாகச் சொன்னதை மறக்கவில்லை. நீங்கள் அனுப்பிய புது வீட்டுச் சாவி பத்திரமாக இருக்கிறது.

நேற்று மாலை பக்கத்து வீட்டுச் சிறுமி டெசா வேலியோரம் வந்து ரகசியம் சொன்னாள்: "தலகாணிக்கு அடியில ஸ்பூன் வச்சுத் தூங்குனா பனி கொட்டும், லீவு கிடைக்கும். ஆனா நீங்க வைக்கக் கூடாது. லீவு விடுறதே நீங்கதானே, அது அழுகுணி ஆட்டம்."

காலையில் படுக்கையைச் சரிசெய்தேன். இரவு நான் வைத்த ஸ்பூன் என் தலையணைக்கு அடியில் அப்படியே இருந்தது. உங்கள் தலையணைக்கு அடியிலும் ஒன்று.

இப்படிக்கு,
இன்னும் இங்கேயே இருக்கும் உங்கள் மனைவி