பீ.ஓ.ஏ. அனுப்புறன், ரீ.சி.

12 ஒக்டோபர் 2024, சனி

மகள் வீட்டை விற்கச் சொல்லிவிட்டாள். காலையில் வாட்ஸ்அப்பில் வந்தது. மெல்பேணில் வீடு பார்த்துவிட்டார்களாம், முற்பணத்துக்குக் கையில் உள்ள காசு காணாதாம். கடைசி வரி இது: "பீ.ஓ.ஏ. அனுப்புறன் அப்பா. ரீ.சி."

வீடு அவளுடையதுதான். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. கல்யாணத்துக்கு முதல் கிழமை நிருஷாவின் பேருக்கு நானே வீட்டு உறுதி எழுதிக் கொடுத்தேன். கல்யாணம் முடிய நானும் மனைவியும் குசினிக்குப் பின்னால் உள்ள அறைக்கு மாறினோம். மகள் குடும்பம் வெளிநாடு போய் ஆறு வருஷம். மனைவி செத்து மூன்று. முன்வீடு பூட்டிக் கிடக்கிறது, நான் இன்னும் பின்னறையில்தான் படுக்கிறேன். ஒருத்திக்குக் கொடுத்த வீட்டில் போய்ப் படுப்பதா?

கோபிக்க இதில் என்ன இருக்கிறது. 'ஓகே' என்று அனுப்பினேன்.

13 ஒக்டோபர், ஞாயிறு

பீ.ஓ.ஏ. என்றால் என்ன? எனக்குத் தெரிந்த பீ.ஓ.ஏ. படகு எஞ்சின் விலைப்பட்டியலில் இருப்பது. விலை போடாத இடத்தில் அதைப் போட்டிருப்பார்கள் – கேட்டால் சொல்வோம் என்று. அதை மகள் ஏன் அனுப்ப வேணும்?

அவளிடமே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

14 ஒக்டோபர், திங்கள்

சரீப் நானா நண்டு ஏற்ற ஏறாவூரிலிருந்து லொறியோடு வந்தார். பதினைந்து வருஷமாக என்னிடம் நண்டு எடுத்துக் கொழும்புக்கு அனுப்புகிறவர். அவரிடம் கேட்டேன்.

"அது பவர் ஒவ் அற்றோணி, அற்றோணித் தத்துவம், முதலாளி. மகள் அங்க இருந்து ஒப்பம் வெச்சு உங்களுக்கு அதிகாரம் தருவா. நீங்க இஞ்ச கையெழுத்துப் போட்டு வித்திரலாம். லேசான வேல. புள்ள வரத் தேவல்ல."

புள்ள வரத் தேவல்ல.

நண்டை நிறுத்துக் கொடுத்தேன். எப்போதும் நான் கட்டுகிற பெட்டியை இன்றைக்கு அவரே கட்டினார்.

20 ஒக்டோபர், ஞாயிறு

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆங்கிலம் எல்லாம் பாசிக்குடா ஹோட்டல்காரரோடு மல்லுக்கட்டிப் பிடித்தது. முழுச் சொல் என்றால் எனக்குப் பயமில்லை. 'லேட்' என்றால் எந்தக் கந்தோரிலும் லேட்தான். இந்தத் துண்டு எழுத்துகள் அப்படியில்லை. ஹோட்டலில் பீ.ஆர். என்றால் விளம்பரம் பார்க்கிற ஆள். மகளுக்குப் பீ.ஆர். என்றால் அங்கேயே நிரந்தரமாக இருக்கும் உரிமை. பீ.எம். பின்னேரத்துக்கும் வரும், பிரதமருக்கும் வரும், பிணம் அறுக்கிறதுக்கும் வரும்.

இதைச் சொன்னபோது சரீப் நானா ஒத்துக்கொள்ளவில்லை. "முழுச் சொல்லுக்கும் ரெண்டு மூணு இரிக்கே. பேங்க் எண்டா காசு போடுற இடம். ஆத்தங்கரையும் பேங்க்தான்."

இருக்கட்டும். ரெண்டு மூன்றோடு அது நின்றுவிடும். மிச்சத்தைப் பக்கத்துச் சொல் சொல்லிவிடும். பீ.ஓ.ஏ.யைப் போனில் தேடினால் இறங்க இறங்க வருகிறது. நண்டின் ஒற்றைக் காலைக் காட்டினால் எந்த நண்டு என்று நான் சொல்லிவிடுவேன். இதில் அப்படிப் பிடிக்க ஒன்றுமில்லை, எழுதினவருக்குத்தான் தெரியும்.

ரீ.சி.யையும் தேடினேன். பள்ளிக்கூடத்தை விட்டு விலக்கி எடுக்கிற சேட்டிபிக்கற் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ரேக் கெயராம், 'கவனமாக இருங்க' என்று அர்த்தமாம். அதை எழுத எவ்வளவு நேரம் போகும், மகள்?

அவளைச் சொல்ல நான் யார். நான் அனுப்பினதும் ஓகே. அதை வைத்து அவள் என்ன விளங்கியிருப்பாள்? வித்துப்போடு என்றா? எனக்கு ஒன்றுமில்லை என்றா?

27 ஒக்டோபர், ஞாயிறு

மழை. இன்றைக்கு ஒருவரோடும் பேசவில்லை.

2 நவம்பர், சனி

வீடு பார்க்க ஆள் வந்தது. களுதாவளைச் சின்னத்தங்கம், வெற்றிலை வியாபாரம். தன் மகளுக்கு மாசியில் கல்யாணம், அதற்குள் வீடு வேணும். என்னைப் போலத்தான் – கையில் ஒன்றுமில்லாமல் தொடங்கின மனுசி. பேச்சு சுகமாக இருந்தது.

"ஓடு பழசு கா," என்றா மனுசி, கூரையைப் பார்த்து.

"பழசுதான், ஒழுகாது. உங்கட மருமகன் கட்டப் போறது பொம்பிளயா, ஓடா?"

சிரித்துப்போட்டா. விலை ஏறக்குறைய ஒரு இடத்துக்கு வந்தது. அப்போது சொன்னா: "அற்றோணி வருகுதாமே. அப்ப இந்த மாசமே எழுதிருவம்."

வாயில் வந்துவிட்டது. "இல்ல, உரித்துக்காரி நேர வந்துதான் கையெழுத்துப் போடுவா. அது நிபந்தனை."

"இதென்ன புதினம்! அது வாங்குற நான் போடவேண்டிய நிபந்தனையெல்லுவா? விக்கிறவர் போடுறார்!"

"தைக்குள்ள முடிச்சுத் தாறன். உறுதி எழுதுற நொத்தாரிசுச் செலவு முழுக்க என்ட."

என்னைப் பார்த்தா. பிறகு பின்னறைப் பக்கம் பார்த்தா. தைக்குள் என்றால் சரி என்றா.

3 நவம்பர், ஞாயிறு

மகளுக்கு எழுதினேன்: "வாங்கிற ஆள் உன்னை நேரில் வரச் சொல்லுறா. அற்றோணி சரிவராதாம்." பச்சைப் பொய். வியாபாரத்தில் இதைவிடப் பெரிசெல்லாம் சொல்லியிருக்கிறேன். மகளிடம் சொன்னதில்லை.

பதில் ஒற்றை எழுத்து. 'கே.'

9 நவம்பர், சனி

நிருஷாவே போன் எடுத்துக் கதைத்தாள். சித்திரை வருஷப்பிறப்புக்குப் பிறகு அவள் குரலைக் கேட்டது இன்றைக்குத்தான்.

"அப்பா, இஞ்ச லோயர் சொல்றார், பீ.ஓ.ஏ. மட்டும் காணும் எண்டு. அந்த மனுசி ஏன் நேர வரச் சொல்றா? நம்பரத் தாங்க, நான் அவவோட கதைக்கிறன்."

நம்பரைக் கொடுத்தால் முடிந்தது கதை. ஒரு பேச்சிலும் நான் முதல் விலை சொன்னதில்லை. மற்றவர் வாய் திறக்கட்டும் என்று இருந்து இருந்துதான் இந்த வீட்டையே கட்டினேன். மகளோடும் அப்படித்தான் இருந்திருக்கிறேன். அவள் 'வாறன்' என்று சொல்லட்டும், பிறகு நான் 'வா' என்பேன் என்று. ஆறு வருஷம்!

"அவ கேக்கல்ல மகள். நான்தான் அந்த நிபந்தனையப் போட்டனான்."

"நீங்களா? ஏன்?"

"உன்னப் பாக்கோணும். பின்னுக்கு இந்த அறைக்குள்ள தனியக் கிடக்கேலாமக் கிடக்கு. வேற ஒண்டுமில்ல."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"இதச் சொல்லியிருக்கலாமே அப்பா. எதுக்கெடுத்தாலும் ஓகே, ஓகே. உங்களுக்கு நாங்க வந்தாலும் ஒண்டு வராட்டியும் ஒண்டு எண்டுதான் நான் நினைச்சன்."

"நீயும் கே எண்டுதானே அனுப்பினாய். ஓகேயிலயும் பாதி."

"பின்ன? ஆர்ர மகள் நான்?"

அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. லீவு கேட்க வேணுமாம், ரிக்கற் விலையாம், மருமகனோடு கதைக்க வேணுமாம். வாறன் என்று சொல்லவில்லை. நானும் திருப்பிக் கேட்கவில்லை. சொல்ல வேண்டிய விலையைச் சொல்லியாச்சு. மிச்சம் அவளுடைய கையில்.

16 நவம்பர், சனி

ஒன்றும் வரவில்லை. சின்னத்தங்கம் இரண்டு தரம் ஆள் அனுப்பிக் கேட்டா. இன்னும் ஒரு கிழமை தாங்க என்றேன். வாவிக்கு மழைத் தண்ணீர் இறங்கி நண்டும் குறைந்துபோச்சு. கரையில் நண்டு நிறுக்கிற வாடிக்குப் போய்ச் சும்மா இருந்துவிட்டு வந்தேன்.

24 நவம்பர், ஞாயிறு

நிருஷா 'வாறன்' என்று எழுதிவிட்டாள். சின்னத்தங்கத்தோடு இன்று எழுதி முடித்தது: வீடும் இருபது பேர்ச் வளவும், தொண்ணூற்றைந்து இலட்சம். முற்பணம் பத்து, நேரே மகளின் கணக்குக்கு. ஜனவரி இருபதாம் திகதி நிருஷா நேரில் வந்து ஒப்பமிடுவாள். அதற்கு முன், நான்காம் திகதியிலிருந்து அவளும் பேரப்பிள்ளைகள் இரண்டும் இங்கே தங்குவார்கள், சாவி கொடுக்கும்வரை யாரும் வந்து சுவர் அளக்கக் கூடாது. சாவி இருபத்தைந்தாம் திகதி. நொத்தாரிசுச் செலவு என்னுடையது.