குட்டையில் முகம் கழுவியவர்கள்

டாஸ்மேனியா,
ஞாயிறு மாலை.

அன்புள்ள மேவிஸ்,

இங்கே நானும் ஆடுகளும் சுகம். வெயில் கொளுத்துகிறது. அமெரிக்கக் குளிரில் நீ கம்பளிக் காலுறை போடாமலே ஆய்வுக்கூடத்துக்கு ஓடுவாய் என்று தெரியும். போட்டுக்கொள்.

உன் கடிதம் கிடைத்தது. அங்கேயே நிரந்தர வேலை தருகிறார்கள், ஒப்புக்கொள்ளட்டுமா என்று கேட்டிருக்கிறாய். அதற்கு வருகிறேன். முதலில் நம் குட்டைக்கு வந்த கேட்டைச் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் ஊர் மண்டபத்தில் பெண்கள் சங்கத்துத் தேநீர் விருந்து. ஆளுக்கொரு தட்டுப் பலகாரம் கொண்டுபோக வேண்டும். எனக்கு ஸ்கோன் ரொட்டி சுட வராதே, அதனால் உன் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். வைக்கோல் கட்டும் கயிற்றைத் தூக்கிக் காட்டி, "குரோமோசோம்னா இதுதான். செல்லு ரெண்டாப் பிரியறப்பல்லாம் முனை கொஞ்சம் தேயும். தேஞ்சு தேஞ்சு செல்லு கிழடாயிடும். ஆனா எங்க குட்டையில மேவிஸ் புடிச்ச பூச்சி இருக்கே, கண்ணுக்கே தெரியாது, அது தேஞ்ச முனையத் தானே வளத்துக்கும்" என்றேன். நல்ல கைதட்டல். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அதுக்கு வயசே ஆகாது" என்று ஒரு வார்த்தை கூடுதலாக விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை வாசலில் வாளிகளோடு கூட்டம். முன்னால் நின்றது உன் டல்சி அத்தை. "ஆடு குடிக்கிற தண்ணி, அத்தை" என்று தடுத்தேன். "அதான் உன் ஆடெல்லாம் இளசா இருக்கா? தள்ளு அந்தாண்ட" என்று சொல்லி இறங்கி முகம் கழுவினார். பாதிரியார்கூடத் தோட்டத்துக்கு என்று இரண்டு வாளி கொண்டுபோனார். அவருக்குத் தோட்டமே கிடையாது.

இப்போது சுருக்கம் போய்விட்டது என்று அத்தை ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். சுருக்கத்துக்குள் சேறு அடைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆடுகள் பாதி வற்றிய குட்டையைப் பார்க்கின்றன, பிறகு என்னைப் பார்க்கின்றன. பலன் இல்லை என்று நீயே அத்தைக்கு ஒரு வரி எழுது. நான் சொன்னால், குட்டையை நான் ஒருவனே அனுபவிக்கப் பார்க்கிறேன் என்கிறார்.

சரி, வேலை. ஒப்புக்கொள். உன் ஆராய்ச்சிக் கேள்விக்கு விடை அந்த ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது, இந்த ஆட்டுப்பட்டியில் இல்லை. ஆடுகளை விட்டுவிட்டு என்னால் வர முடியாது. நீ இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவும் இல்லை. இரண்டும் உண்மை.

ஒன்று மட்டும் யாரிடமும் சொல்லாதே. நேற்றும் வாளிகளோடு வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு நானும் குட்டையில் இறங்கி முகம் கழுவினேன். பலிக்காது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும், நீ எப்போது திரும்பி வந்தாலும் பட்டிக் கதவைத் திறந்துவிட நான் இருக்க வேண்டும், மேவிஸ்.

காலுறையை மறந்துவிடாதே.

உன் கணவன்,
ஆல்பி