உள்முனை, வெளிமுனை

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

பதினொரு வருடம் கழித்து எழுதுகிறேன். எங்காவது தடம் மாறிப் போய்விடுவேனோ என்று பயம். அதனால் சொல்ல வேண்டியவற்றுக்கு முதலில் எண் போட்டுக்கொள்கிறேன்.

1. தொடங்கிவிட்டு முடிக்க முடியாமல் நான் விழிக்கும் ஒரு வேலை.
2. அதில் நீ செய்ய வேண்டிய உதவி.
3. லாரி விஷயத்தில் அன்று நான் எழுதிக்கொடுத்த அறிக்கை சரியே என்பது.
4. உன் உடல்நலம்.

என் மகள் இப்போது வேன் ஓட்டுகிறாள். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் ஆறு பேரை வாரம் மூன்று நாள் மலைச்சாலை வழியாகக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திரும்ப அழைத்து வருவது அவள் வேலை. போன மாதம் பின் ஆக்சில் ஊளையிட ஆரம்பித்தது. திறந்து பார்த்தால் உள்ளே பினியனின் பற்கள் சிதைந்திருந்தன. பெரிய பற்சக்கரமான கிரவுனும் அதைச் சுழற்றும் சின்னப் பினியனும் புது ஜோடி வாங்கியாயிற்று. "வேற யாரும் வேணாம்ப்பா. நீங்களே பூட்டுங்க. நீங்க அளந்தா தப்பாகாது" என்றாள். முப்பது வருடம் எந்திர வரைபடம் கற்பித்தவன். ஆனால் ஓர் ஆக்சிலைக்கூடப் பூட்டியதில்லை. அதைச் சொல்லியிருக்க வேண்டும். தலையை ஆட்டிவிட்டேன்.

இரண்டாவது. கிரவுனின் பல்லுக்கும் பினியனின் பல்லுக்கும் நடுவே மயிரிழை ஆட்டம் இருக்க வேண்டும். ஆட்டம் இல்லையென்றால் சூடேறி இறுகிவிடும். அதிகமானால் பல் உடையும். புத்தகத்தில் சொன்னபடி கிரவுனின் பல்லில் நீலப் பசை தடவிச் சுற்றி, விழுந்த தடத்தை ஒளிபுகும் டேப்பில் உரித்தெடுத்து மேஜையில் வைத்துப் பார்த்தேன். பல்லின் நடுவில் விழ வேண்டிய தடம் சக்கரத்தின் மையத்தை நோக்கிய உள்முனையில் விழுகிறது. உள்முனையில் விழுந்தால் இறுக்கம் என்று பொருள். ஆகவே கிரவுனைக் கொஞ்சம் விலக்கினேன். தடம் இன்னும் முனைக்குப் போயிற்று. மேலும் விலக்கினேன். இன்னும் போயிற்று. மூன்று முறை இப்படி. சோறு இறங்கவில்லை. அதே தடத்தை இன்னொரு பல்லிலிருந்தும் டேப்பில் எடுத்து, தாளில் ஒட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்.

மூன்றாவது. நீ ஃபோர்மேனாக இருந்த ஒர்க்‌ஷாப்பில் பூட்டிய லாரி, இறக்கத்தில் பின் சக்கரம் இறுகிக் கவிழ்ந்து, டிரைவருக்கு இடுப்பு முறிந்தது. உன் கம்பெனி எங்கள் கல்லூரியிடம் கருத்துக் கேட்டது. அந்தக் கோப்பு என் மேஜைக்கு வந்தது. தம்பி என்பதற்காக மாற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. தேய்ந்த தடம் உள்முனையில் இருந்தது. ஆகவே ஆட்டமில்லாமல் பூட்டப்பட்டது என்று எழுதினேன். உன் வேலை போனது. என் கருத்து மாறவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டே உன்னிடம் உதவி கேட்பது முறையில்லை என்பதால் சொல்கிறேன்.

நான்காவது, முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

உன் அண்ணன்


ஜூன் 8

அண்ணனுக்கு,

நாலாவதுக்குப் பதில்: முழங்கால் வலிக்குது, நடக்கறேன். மூணாவதுக்குப் பதில் கிடையாது. சொல்ல வேண்டியதை அன்னைக்கே சொல்லிட்டேன். லாரி ஓனர் அளவுக்கு மேல ஒண்ணரை மடங்கு லோடு ஏத்தினான், லோடு தாங்காம கிரவுன் விலகிக்கும், தடம் வெளிமுனைக்கு ஓடும்னு தொண்டை கிழியக் கத்தினேன். அறிக்கையில 'உள்முனை'ன்னு இருந்துச்சு. படிச்சவங்க எழுதினது. எனக்கு 'இறுக்கி'ன்னு பேர் வந்தது அதனாலதான். இங்க தண்ணி மோட்டார் ரிப்பேர் பண்றேன். அந்தப் பேர் எனக்கு முன்னாலயே பஸ் ஏறி வந்துடுச்சு போல. மோட்டாரைத் தூக்கிட்டு வர்றவங்ககூட "இறுக்கி அண்ணே இருக்காரா?"ன்னுதான் கேக்கறாங்க.

வேலை விஷயம். பேரிங் மூடி ரெண்டையும் இடது வலது மாத்திப் போடலையே? கிரவுன்லயும் பினியன்லயும் வெட்டியிருக்கற ஜோடி நம்பர் ஒண்ணுதானா? ஆட்டத்தை ஒரு பல்லுல அளந்துட்டு விட்டுடாதீங்க, சுத்தி நாலு இடத்துல பாருங்க. நீங்க அனுப்பின டேப்பு வெயில்ல இளகி, தாளும் தாளும் ஒட்டி, பிரிச்சா நீலக் குழம்பா இருக்கு. மெழுகுத்தாள் வச்சு மறுபடி அனுப்புங்க.

உங்க பொண்ணு, அந்த வாலு, வண்டியை எடுக்கக் கூடாது. கண்டிப்பா சொல்லிடுங்க.

இப்படிக்கு,
தம்பி


ஜூன் 11

அன்புள்ள தம்பிக்கு,

நீ பதில் எழுதுவாய் என்று நான் நினைக்கவில்லை.

பேரிங் மூடிகளில் கழற்றும்போதே குறி போட்டேன், மாறவில்லை. ஜோடி எண் ஒன்றே. நாலு இடத்திலும் அளந்தேன், பெரிய வித்தியாசம் இல்லை. நான்காவது முறையும் விலக்கினேன். தடம் பல்லின் ஓரத்தையே தொட்டுவிட்டது. சரியான மருந்தைக் கொடுக்கக் கொடுக்கக் காய்ச்சல் ஏறுவதைப் போல இருக்கிறது. புத்தகம் தவறாக இருக்க முடியாது. என் கையில்தான் ஏதோ இருக்கிறது, என்னவென்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரி இரவல் கொடுத்த வண்டியை இருபத்து நான்காம் தேதி திருப்பித் தரவேண்டும். மகள் தினமும் வந்து குனிந்து பார்க்கிறாள். "என்னப்பா, பரீட்சைத் தாள் மாதிரி ஒவ்வொரு பல்லுக்கும் மார்க் போட்டுட்டு இருக்கீங்களா?" என்கிறாள். சிரிக்கிறேன். முன் இருக்கையில் உட்காரும் தையல்காரர் நேற்று அவளிடம் போன் போட்டுக் கேட்டாராம்: "நம்ம வண்டி எப்பம்மா வரும்? இந்த வண்டில முதுகு ஒடியுது." அவள் என்னைப் பார்த்தபடியே போனில், "அப்பா பாக்கறாரு, இனிமே கவலையே இல்ல" என்று சொன்னாள். லாரி கவிழ்ந்ததே, அதே மாதிரி இறக்கம், தம்பி. உள்ளே ஏழு பேர்.

ஐந்து தடங்களை வரிசையாக ஒட்டி, முனைகளின் பெயரையும் எழுதி, மெழுகுத்தாள் வைத்து அனுப்புகிறேன்.

உன் அண்ணன்


ஜூன் 15

அண்ணா,

கவரைப் பிரிச்சதும் சிரிச்சுட்டேன். மோட்டார் கொண்டுவந்த அம்மா என்னமோ ஏதோன்னு பயந்துட்டாங்க.

உன் எழுத்தைக் கையால மறைச்சுக்கோ. டேப்பை மட்டும் பாரு. பல்லு ஒரு பக்கம் உயரமா இருக்கும், இன்னொரு பக்கம் குட்டையா இருக்கும். உயரமான பக்கம்தான் எப்பவும் வெளிமுனை. நீ அங்க 'உள்'னு எழுதி வச்சிருக்க! அஞ்சுலயும்! கையெழுத்து மட்டும் முத்து முத்தா இருக்கு. எப்படிய்யா இப்படி எழுதின?

தடம் வெளிய விழுது, நீயும் விலக்கிக்கிட்டே போயிருக்க. பின்ன ஓரத்துக்குப் போகாம என்ன பண்ணும்? எல்லாத்தையும் கழட்டு. கிரவுனைப் பினியன் கிட்ட கொண்டு வா. ஆனா ஆக்சில் மூடியைப் பூட்டிடாத. வர்ற சனிக்கிழமை நானே வர்றேன். நானும் என் கண்ணால பாத்துட்டுதான் வாலுவை அனுப்பணும். சித்தப்பா வர்றான்னு அவகிட்ட சொல்லு. எனக்குச் சக்கரை போடாத டீ போதும். பாய் எதுவும் விரிக்க வேண்டாம், அன்னைக்கே திரும்பிடுவேன். உங்க தெருவுல எவனாவது 'இறுக்கி'ன்னு கூப்பிட்டா மட்டும் வாசலோட போயிடுவேன், இப்பவே சொல்லிட்டேன்.

தம்பி


ஜூன் 18

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. 'நீ' என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தை இரண்டு முறை படித்தேன்.

நீ சொன்னபடியே கழற்றி, கிரவுனை நெருக்கினேன். இரண்டாம் முயற்சியிலேயே தடம் நடுவுக்கு வந்துவிட்டது. மூடி பூட்டவில்லை. மகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்கு உட்காரக்கூட முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன். நீ சனிக்கிழமை பஸ் ஏறுவதற்குள் இது உன் கைக்கு வரவேண்டும் என்று விரைவுத் தபாலில் சேர்க்கிறேன்.

எப்படி இப்படி எழுதினாய் என்று கேட்டாய். டேப்பை ஒட்டும்போது உள்முனை எப்போதும் என் இடது கைப்பக்கம் இருக்கும்படி வைத்துக்கொள்வேன். பிறகு மேஜைக்கு வந்து பெயர் எழுதுவேன். அச்சுப் பதித்தால் இடம் வலமாகும் என்று முப்பது வருடம் வகுப்பில் சொன்னவன் நான். எனவே ஞாபகமாக இடத்தை வலமாக மாற்றி எழுதினேன். ரப்பர் முத்திரை அப்படித்தான் மாறும். டேப்பை உரித்து அப்படியே தாளில் ஒட்டினால் எதுவும் மாறுவதில்லை. மாறாததை நான் மாற்றினேன். பல்லைத் திரும்பிப் போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். என் முறையின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

இந்தப் பழக்கம் இந்த மாதம் வந்ததில்லை, தம்பி.

நேற்று மாலை பீரோவின் அடித்தட்டிலிருந்து லாரி அறிக்கையின் நகலை எடுத்தேன். லாரியின் கிரவுனில் தேய்ந்திருந்த தடத்தையும் நான் பசை தடவி டேப்பில்தான் உரித்தெடுத்திருந்தேன். அதில் ஒன்று நகலிலும் ஒட்டியிருக்கிறது. நீ சொன்னபடி என் எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தேன். பிறகு கையை எடுத்தேன். உயரமான பக்கத்தில் என் முத்து முத்தான கையெழுத்தில் 'உள்' என்று இருக்கிறது. தடம் முழுவதும் அந்தப் பக்கத்தில்தான், நீ கத்திச் சொன்ன வெளிமுனையில்.

முதலில் ஒரு யோசனை வந்தது. அதையும் மறைக்கக்கூடாது. சனிக்கிழமை நீ வந்து வண்டியைச் சரிபார்த்துவிட்டுப் போகட்டும், பிறகு நிதானமாக எழுதலாம் என்று நினைத்தேன். அறிக்கையை மகளிடம் காட்டினேன். அவளும் என் எழுத்தைக் கையால் மறைத்துப் பார்த்தாள். "சித்தப்பாவுக்கு இப்பவே எழுதுங்கப்பா. எழுதிட்டு வந்து என்கிட்ட பேசுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இன்னும் பேசவில்லை.

கம்பெனிக்கும், இடுப்பு முறிந்த டிரைவருக்கும், கல்லூரிக்கும் திருத்தம் எழுதி, அந்தத் தடத்தின் படத்துடன் இன்று காலை அனுப்பிவிட்டேன். இத்தனை வருடம் கழித்து யார் பிரித்துப் படிப்பார்கள் என்று தெரியாது. உன் பிரதி இதில் இருக்கிறது.

இதைப் படித்தபின் நீ வராமல் இருந்தால் அதில் நியாயம் உண்டு. வேன் அப்படியே நிற்கும். வேறு ஒருவர் வந்து பார்க்கும்வரை அவளை அதில் ஏறவிட மாட்டேன். அந்தக் கவலை உனக்கு வேண்டாம்.

மன்னிப்புக் கேட்க மூன்று தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். எதுவும் வரவில்லை. ஆகவே எனக்குத் தெரிந்த வகையில் சொல்கிறேன். ஜூன் 3 தேதியிட்ட என் கடிதத்தில் 1, 2, 4 சரி. மூன்றாவது தவறு. நீ இறுக்கிப் பூட்டவில்லை.

உன் அண்ணன்